தென்னை மண்டைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர்

தென்னைக்கு என்ன சீக்கு வந்தாலும் அதை முதலில் காட்டுவது மண்டை. அந்த மண்டையோ அறுபது அடி உயரத்தில் இருக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து விளைகளில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது கீழ்வரிசை ஓலைகளின் அடிப்பக்கம்தான். அதுவும் வானத்து வெளிச்சத்துக்கு எதிரே கறுப்பாக. குருத்து எப்படி நிற்கிறது, நடு ஓலையில் பச்சை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் தேங்காய் வெட்ட ஏறுகிறவருக்குத்தான் தெரியும். "மண்டை சரியில்ல, பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று அவர் மேலிருந்து குரல் கொடுத்தால் உண்டு. முன்பு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை கேட்ட அந்தக் குரல், ஏற ஆள் கிடைப்பதே பாடாகிவிட்ட இந்தக் காலத்தில் இன்னும் அரிதாகிவிட்டது.

விளைக்காரருக்கு இது வீட்டுக் கவலை. கோடிக்கணக்கான மரங்களில் எவையெல்லாம் நோயாளி என்று கணக்கெடுக்க வேண்டிய அரசாங்கத்துக்கு இது வேறு அளவிலான தலைவலி. ஒவ்வொரு மரத்திலும் ஆளை ஏற்றிப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. மரத்துக்கு மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். 1970-ல் கேரளத்தில் அப்படித்தான் பார்த்தார்கள். ஹெலிகாப்டரில் கேமராவோடு தென்னந்தோப்புகளுக்கு மேலே பறந்து, மண்டைகளைப் படம் எடுத்தார்கள். பயிரிலிருந்து திரும்பி வரும் ஒளியை வைத்து அதன் நலத்தைச் சொல்லும் நுட்பம் இந்தியாவில் பிறந்தது அங்கேதான். நாட்டின் தொலையுணர்வு வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் பரிசோதனை என்று குறிப்பிடுவதும் இதையே. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வந்து போகும் அந்தச் சங்கதிக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு நீளமான வழக்கு இருக்கிறது.

வழக்கின் பெயர் வேர்வாடல். மலையாளத்தில் காற்றுவீழ்ச்ச என்பார்கள், தமிழ்நாட்டுத் தோப்புக்காரர்களுக்குக் கேரள வாடல். 1882-ல் பெருவெள்ளம் ஒன்று வடிந்த பிறகு, மீனச்சில் வட்டாரத்து ஈராற்றுப்பேட்டையில் இது முதலில் தென்பட்டதாகப் பதிவு. பிறகு கவியூர், காயங்குளம் என்று பரவியது. இது மரத்தை உடனே சாய்த்துவிடாது. மரம் நிற்கும், ஓலை விடும், வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆனால் காய்ப்பு மட்டும் குறைந்துகொண்டே போகும். செத்த மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு வேறு வைக்கலாம். இப்படி அரை உயிரோடு நிற்கிற மரத்தை என்ன செய்வது என்று திருவிதாங்கூர்க்காரர்களுக்கு விளங்கவில்லை. திருவனந்தபுரம் முதல் திருச்சூர் வரை தொடர்ச்சியாக எட்டு மாவட்டங்களில் 1984–85-ல் எடுத்த கணக்கெடுப்பு, ஆண்டுக்கு 96.8 கோடி தேங்காய் இதனால் போகிறது என்றது. கோட்டயமும் ஆலப்புழையும் அதில் மிக மோசம், திருவனந்தபுரம் மிகக் குறைவு. எனவே தெற்கே பாறசாலைப் பக்கத்தில் பலருக்கு இது வடக்கத்தி நோயாகவே பட்டது.

நோயைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். நல்ல மரத்தின் ஓலையை வெட்டித் தரையில் போட்டால் நடுத்தண்டின் இரு பக்கமும் சிற்றிலைகள் தட்டையாக, விறைப்பாகக் கிடக்கும். வேர்வாடல் கண்ட மரத்தின் சிற்றிலைகள் விறைப்பு இழந்து, இரு பக்கமும் உள்நோக்கி விலா எலும்புபோல் வளைந்திருக்கும். விரலால் நிமிர்த்தி விட்டாலும் மறுபடி வளையும். இது நம்பகமான அடையாளம். இதனோடு மஞ்சளிப்பும் ஓரம் கருகுவதும் சேர்ந்து வரும். குழப்பம் ஆரம்பிப்பது அந்த மஞ்சளில்தான். மக்னீசியம் போதாத தென்னையும் மஞ்சளிக்கும், சாம்பல்சத்து போதாததும் மஞ்சளிக்கும், வேரில் நீர் தேங்கி நின்றாலும் மஞ்சளிக்கும்.

இந்தக் குழப்பத்தில் பெரிய பெரிய ஆட்களே தடுமாறினார்கள். பூசாவிலிருந்த பேரரசுப் பூஞ்சையியலாளர் எட்வின் ஜான் பட்லர் 1908-ல் திருவிதாங்கூர்த் தென்னை நோய் பற்றி அறிக்கை எழுதினார். அதற்கு அப்புறமும் பல பத்தாண்டுகளுக்குப் பூஞ்சை என்று ஒரு கட்சி, மண்ணில் சத்துக்குறை என்று ஒரு கட்சி. 1947-ல் காயங்குளத்தில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1960-ல் அங்கிருந்து சாந்தா, மேனன் இருவரும் தட்டைப்பயறுச் செடியை வைத்துப் பரிசோதித்து, வைரஸ் என்று எழுதினார்கள். காரணம் பற்றி யார் சொல்வது சரி என்று முடிவாகாத நிலையில், எத்தனை மரம், எந்தெந்த இடம் என்பதையாவது சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இதற்கு வேண்டிய கருவி வேறு கண்டத்தில், வேறு தேவைக்காகத் தயாராகியிருந்தது. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1910-ல் அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படங்களை வெளியிட்டபோது, அவற்றில் மரங்கள் பனி மூடியதுபோல் வெள்ளையாக இருந்தன. காரணம் எளிது. பச்சை இலை தன் மேல் விழும் சிவப்பு ஒளியைப் பச்சையத்தால் விழுங்கிவிடுகிறது, நூற்றில் ஐந்து பங்கு திரும்பினால் அதிகம். பச்சை ஒளியில் பத்துக்குச் சற்று மேல் திருப்பி அனுப்புகிறது, நம் கண்ணுக்கு இலை பச்சையாகத் தெரிவது அந்தச் சின்ன வித்தியாசத்தால். ஆனால் நம் கண்ணுக்கு எட்டாத அண்மை அகச்சிவப்பில் பாதிக்குப் பக்கத்தில் திருப்பி எறிகிறது. இலைக்கு உள்ளே செல்களுக்கு நடுவே இருக்கும் காற்றிடைவெளிகளில் பட்டுப் பட்டு அந்த ஒளி சிதறி வெளியே வருவதுதான் காரணம். எனவே பச்சையம் குறைந்தால் சிவப்பில் மாற்றம் தெரியும். இலையின் உள் கட்டுமானம் தளர்ந்தால் அகச்சிவப்பில் தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் கோடாக் நிறுவனம் இதைப் படைக்குப் பயன்படுகிற சரக்காக்கியது. பச்சை வலையையும் பச்சைச் சாயத்தையும் போட்டு மறைத்த பீரங்கி, விமானத்திலிருந்து பார்த்தால் காடுபோல்தான் இருக்கும். ஆனால் சாயம் அகச்சிவப்பை இலை அளவுக்குத் திருப்புவதில்லை. புதுப் படச்சுருளில் அகச்சிவப்பு சிவப்பாகவும், சிவப்பு பச்சையாகவும், பச்சை நீலமாகவும் பதிவாகும்படி செய்தார்கள். உயிருள்ள இலை செக்கச் செவேல் என்று விழ, போலிப் பச்சை நீலம் பாரித்து மாட்டிக்கொண்டது. போர் முடிந்ததும் கலிபோர்னியாவின் ராபர்ட் கால்வெல் அதே சுருளைப் பயிர்கள் பக்கம் திருப்பினார். தானியப் பயிர்களின் நோய்களை விமானப் படத்தில் அடையாளம் காண்பது பற்றி அவர் 1956-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பலருக்கும் தொடக்கப்புள்ளி. 1969 மார்ச்சில் அப்பல்லோ 9 விண்கலத்தில் நான்கு ஹாசல்பிளாட் கேமராக்களை ஒன்றாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு சுருளும் வடிகட்டியும் போட்டுப் பூமியைப் படம் எடுத்தார்கள். அது நடந்த அடுத்த வருடமே நாம் தென்னந்தோப்புக்கு மேல் பறந்துவிட்டோம். ஏழை நாட்டுக்கு அது தாமதம் என்று யாரும் சொல்ல முடியாது.

பறக்கவைத்தவர் பிஷாரோத் ராம பிஷாரடி. 1909-ல் பாலக்காட்டுக் கொல்லங்கோட்டில் பிறந்தவர். (நம் எல்லைக் கொல்லங்கோடு வேறு, அது கடலோரம் குமரி மாவட்டத்தில் இருக்கிறது.) சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தபோது, கோடை விடுமுறைகளில் பெங்களூருக்குப் போய் சி.வி.ராமனிடம் வேலை செய்தார். பிறகு வானிலைத் துறை, அமெரிக்காவில் முனைவர் பட்டம், புனேயில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர் பதவி. ஓய்வு பெறும் வயதில், 1967-ல், விக்ரம் சாராபாய் அவரை அகமதாபாத்துக்கு அழைத்துக்கொண்டார். ஒளிச்சிதறல் என்றால் என்ன என்று ராமனிடமே பாடம் கேட்டவருக்கு, இலைக்குள் ஒளி சிதறுவது புதிய விஷயமாக இருந்திருக்காது. மேகத்தையும் மழையையும் படித்து வளர்ந்த ஒருவர் தென்னை நோயில் வந்து நின்றது எனக்கு வியப்பாக இல்லை. எட்டாத பொருளை ஒளியால் அளப்பது வானிலைக்காரருக்குத் தினசரி வேலை.

ஹெலிகாப்டர் சோவியத் நாட்டுடையது, படச்சுருள் அமெரிக்கா, கேமரா சுவீடனின் ஹாசல்பிளாட். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் இந்த மூன்றும் கேரளத் தென்னைக்கு மேலே ஒன்றுகூடியது சாராபாய் பாணிக்கு நல்ல உதாரணம். தும்பாவில் ராக்கெட் தளத்தை 1963-ல் அவர் தொடங்கியபோதும் எந்த முகாமையும் ஒதுக்காமல் எல்லாரிடமும் கேட்டு வாங்கினார். கீழே இருந்த அறிவியல் உள்நாட்டுடையது. டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் தட்சிணாமூர்த்தி தலைமையில் ஒரு குழு, காயங்குளத்திலிருந்து அதே சாந்தா, விண்வெளிப் பக்கமிருந்து பிஷாரடி. அகச்சிவப்பு வண்ணச் சுருள் வெக்கைக்கு ஆகாது. குளிரில் வைத்திருந்து, எடுத்து, சீக்கிரம் கழுவிவிட வேண்டும். கேரளத்துப் புழுக்கத்தில் அதைக் காப்பாற்றியதையே தனி வேலையாகச் சொல்ல வேண்டும்.

சுருள் கழுவி வந்ததும் தெரிவது இது: நேர் மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு தென்னையும் ஒரு நட்சத்திரம். நல்ல மண்டை அடர் சிவப்பில், ஓலைகள் நெருக்கமாக. நோய் கண்டது வெளிறி, சிவப்புச் செத்து, ஓலைகளுக்கு நடுவே தரை தெரியும்படி. தரையில் நடந்து மரம் மரமாகக் குறித்து வைத்ததோடு ஒப்பிட்டு, நோயுற்ற மரங்களை மேலிருந்தே பிரித்தெடுக்கலாம் என்று காட்டினார்கள். 1971-ல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் நடந்த தொலையுணர்வு மாநாட்டில் இந்தக் கட்டுரை வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று, நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், கோவளத்தில், சாராபாய் காலமானார்.

ஆக, எந்த மரம் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஏன் என்பதற்கு அந்தச் சிவப்புப் படத்தில் பதில் இல்லை. காரணம் பூஞ்சையா, வைரஸா, மக்னீசியமா என்று கேட்டால், வெளிறிய நட்சத்திரம் மூன்றுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். விடை 1983-ல் வந்தது. அதற்கு மேலே போகவில்லை, உள்ளே போனார்கள். காயங்குளத்து ஆராய்ச்சியாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தென்னையின் பட்டைய நாளத்துக்குள் பார்த்தபோது, பைட்டோபிளாஸ்மா என்று இன்று சொல்கிற, செல்சுவர் இல்லாத பாக்டீரியா இருந்தது. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சி ஒன்றும் அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன. நூறு வருடமாக உரத்தை மாற்றி மாற்றிப் போட்ட விவசாயிகளுக்கு இந்தச் செய்தி ஆறுதலா, எரிச்சலா தெரியவில்லை. போட்ட உரம் வீணும் இல்லை. மக்னீசியம் சல்பேட் மரத்துக்கு அரைக் கிலோ, தொழுவுரம், வடிகால் என்று கவனித்தால் நோயோடேயே மரம் ஓரளவு காய்க்கும். குணமாகத்தான் ஆகாது.

ஒளியால் நோய் பார்க்கும் எல்லாக் கருவிகளுக்கும் இந்தப் பிறவிக்குறை உண்டு என்பதால்தான் இவ்வளவு நேரம் இதிலேயே நிற்கிறேன். திராட்சையை எடுத்துக்கொள்வோம். நாசாவின் ஏம்ஸ் மையம் 1993-ல் ராபர்ட் மொண்டாவி ஒயின் நிறுவனத்தோடு சேர்ந்து, வேரைத் தின்னும் பில்லொக்சீரா பூச்சி தாக்கிய கொடிகளை விமானப் படத்தில் கண்டுபிடிக்கும் திட்டம் தொடங்கியது. அங்கும் நோய் வேரில், அடையாளம் இலையில். சத்துக்குறையிலும் ஒளி நன்றாகப் பேசுவது தழைச்சத்தைப் பற்றி மட்டும்தான். தழைச்சத்து குறைந்தால் பச்சையம் குறையும், சிவப்பு ஒளி திரும்புவதும் கூடும். சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவே 700 நானோமீட்டர் சுற்றில் செங்குத்தாக ஏறும் விளிம்பு கொஞ்சம் சிவப்புப் பக்கமாக நகரும். கருவி அந்த நகர்வைப் பிடித்துவிடும். மற்ற சத்துகள் அப்படிச் சுலபமாகப் பிடி கொடுப்பதில்லை. இரும்பு குறைந்தால் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக மஞ்சளிக்கும், மக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த இலை. இரண்டையும் பிரிக்க இலை கொடியில் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையைப் பந்தலில்தான் விடுகிறார்கள். மேலிருந்து கேமராவுக்குத் தெரிவது பந்தலின் கூரை. மக்னீசியக் குறையை முதலில் காட்டும் பழைய இலைகள் கூரைக்கு அடியில் நிழலில் இருக்கும், அவற்றைப் பார்க்கக் குனிந்து உள்ளே போக வேண்டும். எனவேதான் கவாத்து முடிந்து 45-ம் நாள் ஐந்தாவது இலையின் காம்பைக் கிள்ளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஒரே பயிர், ஒரே சத்து, ஒரே கேள்வி என்றால் ஒளி முறை எவ்வளவு மலிவாகும் என்பதற்கு நெல்வயல் சாட்சி. இலை வண்ண அட்டை என்று வேளாண் துறையினர் தரும் பிளாஸ்டிக் துண்டில் பச்சை நிறப் பட்டைகள் வெளிர் முதல் அடர்த்தி வரை வரிசையாக இருக்கும். காலை வெயில் ஏறும் முன், உடம்பின் நிழலில் வைத்து, நன்றாக விரிந்த மேல் இலையை அதோடு ஒட்டிப் பார்த்தால் யூரியா வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். ஹெலிகாப்டரும் வேண்டாம், படச்சுருளும் வேண்டாம்.

தென்னைக்கு மேலே பறந்தவர்கள் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டிருந்தார்கள். 1974-ல் ஹைதராபாத்தில் தேசியத் தொலையுணர்வு முகமை, அடுத்து அனந்தபூரிலும் பட்டியாலாவிலும் பயிர்க் கணக்கெடுப்புப் பரிசோதனை, 1979-ல் பாஸ்கரா, 1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து ஐஆர்எஸ்-1ஏ. அந்தச் செயற்கைக்கோளின் கேமராக்களில் பார்க்கக்கூடிய ஒளிக்கு மூன்று பட்டை, நான்காவது அண்மை அகச்சிவப்பு. தென்னந்தோப்பில் கற்ற பாடம் அப்படியே இருந்தது. ஆனால் அதன் கூர்மையான கேமராவுக்கே படத்தின் ஒரு புள்ளி தரையில் 36 மீட்டர் சதுரம். ஏழரை மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பென்றால் ஒரு புள்ளிக்குள் இருபதுக்கு மேற்பட்ட தென்னைகள் அடக்கம். பஞ்சாப் கோதுமைக்கு அது போதும். பாறசாலை விளைக்கு? வீட்டைச் சுற்றித் தென்னை, நடுவே நேந்திரன் வாழை, அதன் கீழே மரச்சீனி, மூலையில் பலா, மிளகு ஏறிய அயனி. எல்லாம் கலந்து ஒரே பச்சைப் புள்ளியாகிவிடும். தென்னைக்காகத் தொடங்கியது, தென்னையையே பார்க்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாட்டுக்கு வேண்டியிருந்தது நெல், கோதுமைக் கணக்கு. விளைக்காரரின் முப்பது தென்னை அந்தக் கணக்கில் வராது.

இப்போது ட்ரோன் வந்து பழைய உயரத்தை மீட்டுக் கொடுத்திருக்கிறது. உள்ளங்கை அளவு கேமராவில் பச்சை, சிவப்பு, சிவப்பு விளிம்பு, அகச்சிவப்பு என்று தனித்தனிக் கண்கள். சுருளைக் குளிரில் வைக்கும் தொல்லையும் இல்லை. நோயும் சும்மா இருக்கவில்லை. செங்கோட்டை, கம்பம், ஆனைமலை, பொள்ளாச்சி என்று மலைக் கணவாய்கள் வழியே தமிழ்நாட்டுப் பக்கம் வந்துவிட்டது. குமரி மாவட்டத்திலும் இருக்கிறது. இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே 1956-ல் விழுந்த கோட்டை, கண்ணாடி இறக்கைப் பூச்சி இரண்டு தென்னை தூரம் பறந்தால் கடந்துவிடும். நோயைக் கணக்கெடுக்கும் அலுவலகங்கள்தான் இரண்டு மாநிலத்துக்கும் வேறு வேறு.

ட்ரோனை நோயாளியைத் தேடத்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. காயங்குளத்துக்காரர்கள் 2012-ல் கல்பரட்சா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரா என்று நோயைத் தாங்கும் மூன்று ரகங்களை வெளியிட்டார்கள். அவற்றுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த வழி, நோய் முற்றிய தோப்புகளுக்குள் போய், சுற்றிலும் எல்லாம் வெளிறி நிற்க, நோயே காணாமல் காய்க்கிற ஒன்றிரண்டு மரங்களைத் தேடுவது. அப்படிப்பட்ட தாய்மரங்கள் எல்லையின் இரு பக்கத்து விளைகளிலும் யாருடைய வீட்டுக் கொல்லையிலோ நின்றுகொண்டிருக்கலாம். வெளிறிய நட்சத்திரங்களுக்கு நடுவே செக்கச் செவேல் என்று ஒன்று என்றால், மேலிருந்து கண்டுபிடிக்க அதைவிடச் சுலபமான குறி வேறில்லை. கண்டுபிடித்த பிறகு ஒருவர் ஏறி ஓலை வெட்டி இறக்கி, சிற்றிலை வளைகிறதா என்று பார்த்து, திசுவை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஏற ஆளும், அனுப்ப ஒரு விலாசமும் முதலில் வேண்டும்.